பத்து அங்குலத் தொட்டிகள்

வேர் அழுகிச் செத்த செடிக்கு யாருடைய பெயரை எழுதுவது?

எந்தப் பாடநூலிலும் நான் இந்தக் கேள்வியைப் படித்ததில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில், ஒரு பிப்ரவரி மாதக் கடைசியில், அது அச்சடித்த படிவமாக என் மேசைமேல் வந்து கிடந்தது. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப வேண்டியவன் நான்.

இன்று சட்டப்படி இயங்கும் கஞ்சா வளர்ப்புக் கூடங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறீர்கள். வேர்விட்ட கட்டிங்கை எந்த அளவுத் தொட்டிக்கு மாற்றுவது, எந்தக் கலவை நல்லது என்று கேட்கிறீர்கள். பதில் இரண்டு வரிதான். வேர்த்திரளைவிடச் சற்றே பெரிய தொட்டி, நீர் வடிந்து காற்று புகும் இலேசான கலவை. வேர் தொட்டிச் சுவரைத் தொட்ட பிறகு அடுத்த அளவு. அந்த இரண்டு வரி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல, இந்த வயதிலும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிகளை மட்டும் கொடுத்துவிட்டு அதை மறைத்துக்கொள்வது நேர்மையாகத் தோன்றவில்லை.

அந்நாளில் கஞ்சா வளர்ப்பது குற்றம். எங்கள் ஆய்வு நிலையத்துக்கு ஒட்டாவாவிலிருந்து தனி உரிமம் இருந்தது. முன்பு கார்னேஷன் பூ வளர்த்த ஒரு பழைய கண்ணாடிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, அதில் ஓர் அறைக்கு மட்டும் கம்பிவலையும் இரட்டைப் பூட்டும் போட்டிருந்தார்கள். மருத்துவர் குழு ஒன்றுக்குச் சோதனைக்காக ஒரே வீரியமுள்ள இலை தேவைப்பட்டது. விதையிலிருந்து முளைப்பவை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஆகவே ஒரே தாய்ச்செடியிலிருந்து கட்டிங் எனப்படும் தண்டுத் துண்டுகளை வெட்டி, மணலில் வேர்விடச் செய்து, அறுபது செடிகளை வளர்த்துத் தர வேண்டும். கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு வந்திருந்த எனக்கு அந்த அறையின் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஓராண்டு ஒப்பந்தம்; ஜூனில் புதுப்பிப்பதா வேண்டாமா என்று ஆய்வுத் தலைவர் முடிவு செய்வார்.

உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றபோது தவராசாவைச் சேர்த்துவிட்டவன் நான்தான். அவர் வல்வெட்டித்துறைக்காரர். சரக்குக் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் இருந்தவர், மொன்றியல் துறைமுகத்தில் இறங்கிப்போய்த் திரும்பக் கப்பலேறவில்லை. நாட்டுக்குள் இருந்துகொண்டே நிரந்தர வதிவுக்கு மனுப் போட அப்போது வழி இருந்தது, அவரும் போட்டிருந்தார். மனைவியும் இரண்டு மகள்களும் ஊரில் காத்திருந்தார்கள். மார்ச் மாத முதல் வியாழக்கிழமை குடிவரவு அலுவலகத்தில் நேர்காணல். அதற்கு வேலை கொடுப்பவரின் கடிதம் அவசியம்: இவர் பொறுப்பானவர், இவருடைய வேலை தொடரும் என்று.

அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னைச் 'சேர்' என்றார்.

"பேரைச் சொல்லியே கூப்பிடுங்க, தவராசா. நாம ரெண்டு பேரும் ஒரே வேலைதான் பாக்கறோம்."

"ஒரே வேலை எண்டா குழாயை ஒருநாள் நீங்கள் பிடியுங்கோ, பேந்து பேர் சொல்லுறன்."

நான் சிரித்தேன். குழாயை வாங்கிப் பிடித்ததாக நினைவில்லை.

உரிம விதிகள் கடுமையானவை. அறையைத் திறக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண். ஒரு செடியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் அதன் எண்ணை வாய்விட்டுப் படித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். மூன்று அங்குலத் தொட்டி, பிறகு ஆறு, பிறகு பத்து என்று படிப்படியாக மாற்றினால் அறுபது செடிகளுக்கு மூன்று முறை இந்தச் சடங்கு. நான் அதைச் சுருக்க நினைத்தேன். வேர்விட்ட கட்டிங்கை நேரே பத்து அங்குலத் தொட்டியில் வைத்துவிட்டால் ஒரே மாற்றத்தோடு முடிந்துவிடும். வேருக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு நியாயத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஆய்வுத் தலைவர் மகிழ்ந்து ஒப்புதல் கொடுத்தார். அலுவலக வசதிக்காக எடுத்த முடிவுக்கு வேளாண்மைக் காரணம் தேடிய முதல் தடவை அது. கடைசித் தடவை என்று சொல்ல ஆசைதான்.

கலவை விஷயத்தில் என் பிழை இன்னும் வெளிப்படையானது. பக்கத்துப் பண்ணைகளில் அப்போதே பீட் என்னும் மக்கிய சதுப்புநிலப் பாசியையும் பெர்லைட் என்னும் பொரித்த எரிமலைக்கல் துகளையும் கலந்து பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கையில் எடுத்தால் கனமே இல்லாத ஒன்றை மண் என்று ஒப்புக்கொள்ள மனம் இடம் தரவில்லை. நீராவியில் சூடேற்றிய வயல்மண், கொஞ்சம் மணல், மக்கிய மாட்டெரு என்று நான் அறிந்த கலவையையே போட்டேன். கோயம்புத்தூர் வெயிலில் அது அருமையான கலவை. பங்குனியில் காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் காணாமல் போகும். அங்கே ஒரு தொட்டியின் சிறப்பு, ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது. மொன்றியலில் பிப்ரவரிச் சூரியன் பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு அலுத்துப்போய்விடும். அந்த வெளிச்சத்தில் செடி குடிப்பது மிகக் குறைவு. தூக்குவதற்கு இலேசாக இருக்கட்டும் என்று மண்தொட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தொட்டி வேறு வாங்கியிருந்தேன். பக்கச் சுவர் வழியாகக்கூட ஈரம் வெளியேற வழியில்லை.

தொட்டிகள் சரியாக அறுபதுதான் வந்திருந்தன. கூடுதலாக வேர்விட்டிருந்த ஆறு கட்டிங்குகளை, முன்பு அங்கே கார்னேஷன் வளர்த்தவர் விட்டுப்போன மூன்று அங்குல மண்தொட்டிகளில், மணலோடு அவர் மிச்சம் வைத்திருந்த பீட்டைக் கலந்து, ஓர் ஓரமாக வைத்தோம். அவற்றை நான் பொருட்படுத்தவில்லை.

தினமும் எத்தனை குவளை ஊற்ற வேண்டும் என்று ஓர் அட்டவணையை ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதன் கீழே தவராசா ஒவ்வொரு நாளும் சுருக்கொப்பம் இடுவார்.

பத்தாம் நாள் கீழிலைகள் மஞ்சளித்தன. பன்னிரண்டாம் நாள் நுனிகள் தொங்கின. அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்: தாகத்தால் வாடும் செடியும், வேர் மூச்சுமுட்டி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நான் தாகம் என்றே பார்த்தேன். ஒரு குவளையைக் கூட்டச் சொன்னேன்.

மறுநாள் காலை தவராசா குழாயைக் கையில் எடுத்துவிட்டு நின்றார்.

"சேர், இண்டைக்கும் ஊத்தட்டோ?"

"ஊத்துங்க. இலை எப்படித் தொங்குதுன்னு பாருங்க."

அடுத்த நாளும் அதையே கேட்டார். "இண்டைக்கும் ஊத்தட்டோ, சேர்?" நான் ஊற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு தொட்டியை இரண்டு கையாலும் சற்றுத் தூக்கி வைத்தார்.

"பாரமாக் கிடக்கு, சேர்."

"மண்ணு பாரமா இல்லாம, பஞ்சு மாதிரியா இருக்கும்?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார். ஊற்றினார். ஒப்பமிட்டார்.

இந்தப் பேச்சை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தனக்கு வேலை வாங்கித் தந்த, படித்த ஒருவனிடம் அவருடைய ஊர் மரியாதையில் 'நீங்கள் செய்வது பிழை' என்று சொல்ல முடியாது. 'இன்றைக்கும் செய்யட்டுமா' என்று கேட்கத்தான் முடியும். அந்த மரியாதை என் ஊரிலும் உண்டு. நான் அறியாதது ஒன்றுமில்லை. கேள்வி வடிவில் வந்த மறுப்பை, உத்தரவு கேட்பதாக எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

மாதக் கடைசி வியாழனன்று எண்ணிப் பார்த்தோம். அறுபதில் முப்பத்தெட்டு செத்திருந்தன. ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் கட்டியாக வந்தது. நடுவில் ஒரு முட்டை அளவுக்கு மட்டும் பழுப்பு வேர்கள். சுற்றிலும் ஒரு வேர்கூடப் போகாத, கறுத்துப் புளித்த சேறு. தவராசா முகர்ந்து பார்த்தார்.

"கப்பலின்ரை அடித்தட்டிலை தேங்கி நிக்கிற தண்ணி மணம், சேர்."

"தெரியுது," என்றேன்.

ஆக, படிவத்தை நிரப்ப உட்காரும் முன்பே எனக்கு எல்லாம் தெரியும். செத்த ஒவ்வொரு செடிக்கும் காரணம் எழுதி அனுப்பினால்தான் அவற்றை அதிகாரி முன்னிலையில் எரிக்க முடியும். 'தொட்டி பெரிது, கலவை கனம்' என்று எழுதியிருக்கலாம். 'நீர் மிகுதி' என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை. நம் தொழிலில் நான் பார்த்த மோசமான அறிக்கைகள் எல்லாமே இப்படிப்பட்டவைதான்; ஒரு சொல்கூடப் பொய்யாக இராது.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆய்வுத் தலைவர் எங்கள் இருவரையும் அழைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மருத்துவர் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கவலை முகத்தில் தெரிந்தது. யார் நீர் ஊற்றியது என்று கேட்டார். தவராசா என்றேன். சுவரிலிருந்து கழற்றி வந்த அட்டவணையில் சுருக்கொப்பங்களைப் பார்த்தார்.

"அளவுக்கு மீறி ஊற்றினாரா என்று அவரிடமே கேளுங்கள். அவர் மொழியில் கேளுங்கள், தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது," என்றார்.

நான் கேட்டேன். தவராசா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"ஓம், நான்தான் ஊத்தினனான். சேர் சொன்னபடி ஊத்தினனான். ஊத்தட்டோ ஊத்தட்டோ எண்டு மூண்டு நாளாக் கேட்டனான். வேறை என்னத்தைச் சொல்ல?"

ஆய்வுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

"தான்தான் ஊற்றியதாக ஒப்புக்கொள்கிறார்," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். இந்த நிலையில் பொறுப்பானவர் என்று தான் எப்படிக் கையெழுத்திட முடியும் என்று கேட்டார். கடிதம் தர முடியாது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். வருந்துவதாகவும் சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நான்கு ஆண்டு கப்பலில் இருந்தவருக்கு அந்த அளவு ஆங்கிலம் நன்றாகவே தெரியும்.

நடைவழியில் என்னை முந்தாமல் பக்கத்திலேயே நடந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கள் அரைவாசிதான் சொன்னியள், சேர்."

நான் எதையோ தொடங்கினேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

ரொக்ஸ்பரோவில் இருந்த என் வீட்டுக்கு வரும் ரயிலில் எனக்கு நானே பல விளக்கங்கள் சொல்லிக்கொண்டேன். என் ஒப்பந்தம் போய்விட்டால் அவருக்காகப் பேச அங்கே ஆளே இருக்காது என்பது அவற்றுள் ஒன்று. வேறு இடத்தில் அவருக்கு எளிதில் வேலை கிடைக்கும் என்பது இன்னொன்று. சமூகத்தைப் பற்றிப் பொறுப்பாக யோசிப்பவன் என்று என்னை நான் எண்ணியிருந்தேன். விளைவுகளை எடைபோடும் அந்தப் பழக்கம் அன்று எவ்வளவு தோதாக எனக்கு உதவியது என்பதைக் கண்டு இப்போதும் கூசுகிறேன்.

சனிக்கிழமை, தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றை விவரிப்பதுபோல் மனைவியிடம் சொன்னேன். தொட்டியின் ஆழம், மண்ணின் துளைகள், குறைந்த வெளிச்சம், கடைசியில் கடிதம் மறுக்கப்பட்டது. அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊத்தறதுக்கு முன்னாடி அவர் உங்களைக் கேட்டாரா?"

"கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊத்தச் சொன்னேன்."

"அப்புறம் இதுல என்ன ஆராய்ச்சி? வியாழக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு." நறுக்கியதை வாணலியில் போட்டாள். "நாளைக்கு ஞாயிறு, அவர் இங்க சாப்பிட வர்ற நாள். வரமாட்டார்னு தெரியும். ஆனாலும் அரிசி அளந்து போடத்தான் போறேன்."

அவர் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆய்வுத் தலைவரிடம் போய், அறைக்கு வரும்படி வேண்டினேன். தவராசா வேலைக்கு வந்திருந்தார். எரிக்கும் வரை அவருடைய கையெழுத்து தேவைப்பட்டது. மூவரும் உள்ளே போனோம். செத்த செடி ஒன்றைத் தலைவர் முன் கவிழ்த்துத் தட்டினேன். வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அதற்கப்பால் எவ்வளவு மண் சும்மா ஈரத்தில் ஊறியிருக்கிறது என்று காட்டினேன். பிறகு ஓரத்தில் இருந்த ஆறு சிறிய மண்தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தேன். ஆறும் நிமிர்ந்து, அடர்பச்சையாக நின்றன. ஒன்றைத் தட்டிக் காட்டினேன். வெள்ளை வேர் தொட்டிச் சுவரை முழுக்கத் தொட்டிருந்தது.

"இதற்கும் அவர்தான் ஊற்றினார். அதே கை, அதே நாட்கள். வேறுபாடு தொட்டியும் கலவையும் மட்டும். இரண்டையும் தேர்ந்தெடுத்தவன் நான். வாடியபோது நீரைக் கூட்டச் சொன்னவனும் நான்."

தலைவர் அந்தச் சேற்றுக் கட்டியைக் காலணி நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை அவர் ஒப்புக்கொண்டதாகச் சொன்னீர்களே?"

"நான் சொன்னபடி ஊற்றியதாகவும், மூன்று நாள் என்னைக் கேட்டதாகவும் அவர் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை."

தவராசா மண்தொட்டிகளின் எண் அட்டைகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"செடிகள் செத்ததை நான் மருத்துவர்களுக்கு விளக்கிவிடலாம்," என்றார் தலைவர் கடைசியில். "இதை யாருக்கு விளக்குவது என்று தெரியவில்லை." பிறகு தவராசாவிடம் நேரே ஆங்கிலத்தில், மெதுவாக, கடிதம் மதியம் தயாராகும் என்றார். என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

படிவத்தைத் திருத்தி எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் தொட்டியின் அளவையும் கலவையையும் எழுதி, தேர்ந்தெடுத்தவர் என்று என் பெயரைச் சேர்த்தேன். வேர் கெடாமல் இருந்த அந்த ஆறு செடிகளையும் தாய்ச்செடியையும் கொண்டு மீண்டும் தொடங்கினோம்: மூன்று அங்குல மண்தொட்டி, பீட்டும் பெர்லைட்டும், பிறகு ஆறு அங்குலம், பிறகு பத்து. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் படித்து, கையெழுத்திட்டு, அலுத்துப் போனோம். மருத்துவர் குழுவின் சோதனை கோடைக்குத் தள்ளிப்போனது. ஜூனில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அறையின் பொறுப்பு மட்டும் ஏப்ரலிலேயே இன்னொருவருக்கு என்று முடிவாகியிருந்தது. அது நியாயம் என்றே அன்றும் நினைத்தேன். நியாயமானது என்பதால் இலேசாக இருந்ததாகச் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை நேர்காணல் நன்றாக முடிந்தது. சில வாரங்களில் தவராசாவுக்கு வதிவு உறுதியானது. ஏப்ரல் கடைசியில், துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றார்.

"நான் இனி இங்க பொறுப்புல இருக்கப் போறதில்ல, தவராசா. நீங்க இருக்கலாமே."

"உங்களோடை கோவமில்லை, சேர். கடுதாசியும் உங்களாலைதான் கிடைச்சது."

"அப்ப?"

"ஒருக்காச் செய்தது பிழை, பேந்து திருத்தினியள். அது பெரிய விஷயம்தான். ஆனா வெள்ளிக்கிழமை அந்த அறையிலை நான் உங்கடை முகத்தைப் பார்த்தனான். இனி நீங்கள் 'ஊத்துங்கோ' எண்டு சொன்னா எனக்குக் கை ஓடாது. நான் என்ன செய்ய?"

கை கொடுத்தார். என் பெயரைச் சொல்லவில்லை. 'சேர்' என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய மனைவியும் மகள்களும் வந்து சேர்ந்ததாகப் பொது நண்பர் ஒருவர் சொல்லிக் கேட்டேன். எங்களைச் சாப்பிட அழைத்தார்களா என்று யாரும் கேட்காதீர்கள்.

நீங்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை செடியிலேயே தெரிந்துவிடும். மஞ்சளிக்கும், தொங்கும், நாறும். கவிழ்த்துத் தட்டினால் எல்லாம் வெளியே வந்துவிடும். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் உங்களிடம் பணிவாகக் கேட்கும் கேள்வியை மட்டும் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க முடியாது. அதைக் கேட்ட அந்தக் கணத்திலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். நான் விளங்கிக்கொள்ளவில்லை, விளங்கியபிறகு அதில் பாதியை விழுங்கினேன்.

பின்னர் எனக்கு மறுபடி பொறுப்புகள் கிடைத்தன. நான் நடத்திய கூடங்களில் நீர் அட்டவணை ஒட்டவில்லை. குழாயைப் பிடிப்பவர் தொட்டியைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்தார். நாட்பதிவேட்டில் ஒப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்தி கூடுதலாக வந்தது. அன்று அவர் என்ன கேட்டார், என்ன சொன்னார் என்பதை, பிரெஞ்சோ தமிழோ கிரேக்கமோ, அவருக்கு வரும் மொழியில் அவரே அதில் எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியாத மொழியாக இருந்தால், அதைப் படித்துச் சொல்ல என்னைத் தவிர இன்னொருவரை அழைத்தோம்.